டிராகன் அவ்வளவு பலம் என்றால், ஆட்டக்காரன் எதற்கு மனுஷனாக இறங்கி வரவேண்டும்?

நிரைக்காரன் (பெஸ்தாரி ஜெயா):

எல்லாருக்கும் வணக்கம். இங்கே, மலேசியாவின் சிலாங்கூரில், ஒரு செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கோடோ என்கிற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு ரோல்-பிளேயிங் கேம் செய்கிறேன். நிரல் முழுக்க நான்தான். படங்கள் என் சித்தி மகள் வரைகிறாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேள்வி புரியாது. மாரி என்று ஒரு பெண், தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். எங்கள் ஊரைச் சுற்றி ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் கிடக்கின்றன அல்லவா, அப்படி ஒரு ஈயக்குட்டையின் அடியில் செத்துக்கொண்டிருக்கும் டிராகன் ஒன்று தன் உயிரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு அவள் நினைத்தால் டிராகன், நினைத்தால் மனுஷி. எதிரிகள் யார் என்றால், ஈயம் அள்ளிய காலத்துப் பழைய இயந்திரங்கள். துருப்பிடித்த வாளிகள், சங்கிலிகள், கப்பிகள் எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து தோட்டத்துக்குள் வருகின்றன.

இப்போது பிரச்சினை. மனுஷி மாரிக்கு உயிர் 100, கையில் பாராங் என்கிற நீள வெட்டுக்கத்தி, ஒரு வெட்டுக்கு 12. டிராகன் மாரிக்கு உயிர் 400, ஒரு மூச்சுக்கு 60. விளையாடிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: முதல் எதிரியைக் கண்டவுடன் டிராகனாக மாறுகிறார்கள், ஆட்டம் முடியும்வரை கீழே இறங்குவதே இல்லை. பாராங் சண்டைக்காகச் சித்தி மகள் வரைந்து வைத்த அசைவுகளை ஒருவரும் பார்க்கவில்லை.

நேரக் கெடு வைத்தேன். 30 விநாடி டிராகன், அப்புறம் 60 விநாடி பொறுக்க வேண்டும். பையன்கள் அந்த 60 விநாடியும் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். சண்டை போடச் சொன்னால் காத்திருக்கிறார்கள். சரி, டிராகனின் அடியைக் குறைத்தேன். உடனே பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, இது டிராகனா ஓணானா?" என்று கேட்டுவிட்டான். அவன் கேட்டது நியாயம். குட்டையிலிருந்து மாரி தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பும்போது, மொத்தத் தோட்டமும் அவளுக்குக் கீழே சின்னதாகிவிட வேண்டும். அந்தப் பலத்தை நான் குறைக்கப் போவதில்லை.

ஆகவே கேள்வி இதுதான்: டிராகனை இளைக்க வைக்காமல், மனுஷி உருவத்தை எப்படித் தேவையாக்குவது? "இந்தக் கதவு சின்னது, மனுஷியாகத்தான் நுழைய முடியும்" என்கிற மாதிரிப் பூட்டு வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு: இரு உருவத்துக்கும் ஒரே உயிர்க்கோடா, தனித்தனியா? சண்டை நடுவில் பட்டனை அழுத்தினால், மாறுகிற அந்த நொடியில் என்ன நடக்க வேண்டும்?

மின்மினி:

நேரக் கெடுவை விட விலை நல்லது. கேப்காமின் பிரெத் ஆஃப் ஃபயர் 3 தெரியுமா? 1997, முதல் பிளேஸ்டேஷன். அதில் நாயகன் ரியூ டிராகனாக மாற மந்திரப்புள்ளி செலவாகும். மாறிய பிறகும் ஒவ்வொரு முறைக்கும் இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும், தீர்ந்தால் மனுஷன்தான். மொத்தம் 18 மரபணுக்கள், மூன்றுவரை சேர்த்து எந்த டிராகன் வேண்டும் என்று நாமே பிசையலாம். அதனால் மலிவான டிராகன், விலையுயர்ந்த டிராகன் என்று யோசித்து மாறுவோம்.

அதைவிடக் கடுமையானது 2002-ல் வந்த டிராகன் குவார்ட்டர். அதில் மூலையில் ஒரு சதவீதம் ஓடும். நடந்தாலே மெல்ல ஏறும், டிராகன் பலத்தைத் தொட்டால் கடகடவென்று ஏறும். ஏறியது இறங்காது. 100 ஆனால் ஆட்டமே முடிந்தது. டிராகன் யாரையும் அடித்து நொறுக்கும், ஆனாலும் கை அந்தப் பட்டனுக்குப் போகவே பயப்படும். உனக்கு வேண்டிய பலம் அதில் குறையவே இல்லை, பார்.

பெரட்டுக்களம்:

தம்பி, உன் கேள்வியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். நாங்கள் இருந்த காலத்தில் ஊருக்குப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அப்பா குலை வெட்டுகிறவர். இப்போது வேறு ஊர், ஆனால் கேம் விடவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மின்மினி சொன்ன விலை முறை நல்லதுதான், ஆனால் டிராகன் குவார்ட்டர் மாதிரி வைத்தால் மாரி டிராகனாவதையே விட்டுவிடுவார்கள். உனக்கு வேண்டியது அது இல்லை. மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு நீ பார்க்க வேண்டிய கேம் டிவினிட்டி 2: ஈகோ டிராகோனிஸ். 2009, பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோஸ். பின்னால் பால்டர்ஸ் கேட் 3 செய்தார்களே, அவர்களேதான். அதில் நாம் டிராகன்களை வேட்டையாடப் பயிற்சி பெற்ற ஆள். செத்துக்கொண்டிருக்கும் தலானா என்கிற டிராகன் வீராங்கனை தன் சக்தியை நமக்குக் கொடுத்துவிடுகிறாள். உன் குட்டை டிராகன் கதைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள். ஆனாலும் உடனே பறக்க முடியாது. ஆட்டத்தில் நல்ல தூரம் மனுஷனாகவே நடந்து, சண்டை போட்டு, பிறகுதான் டிராகன் உருவம் கைக்கு வரும். அவ்வளவு நேரம் தரையில் கிடந்துவிட்டு முதல் தடவை மேலே எழும்பியபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை. தரையில் எதிரிகள் கூட்டமாக நிற்பார்கள். டிராகனாக மாறி எழும்பிக் கீழே பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நிலம் வெறிச்சென்று கிடக்கும். டிராகனுக்கு என்று தனியாகக் கோபுரங்கள், அம்பு எய்யும் பொறிகள், பறக்கும் எதிரிகள். தரை எதிரிகள் மனுஷனுக்கு மட்டும். இரண்டு கேமை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. அந்த ஆட்களை எரிக்க வேண்டும் என்றுதானே எழும்பினேன்! அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. ஆகவே முதலில் இதை எழுதி வை: மாரி எந்த உருவத்தில் இருந்தாலும் அதே எதிரி, அதே இடத்தில், அதே உயிரோடு இருக்க வேண்டும். மனுஷி பாதி வெட்டிய சங்கிலியை டிராகன் மீதி அறுக்க வேண்டும்.

அந்த கேமிலேயே நன்றாக அமைந்த இடம் பறக்கும் கோட்டைகள். வெளியே சுற்றிப் பறந்து பொறிகளை உடைப்போம், பிறகு தரையிறங்கி உள்ளே போய் வாளெடுப்போம். சில பகுதிகளில் டிராகனுக்குத் தடை இருக்கும், அங்கே நடந்துதான் போயாக வேண்டும். நீ பிடிக்கவில்லை என்று சொன்ன பூட்டு அதுதான். எனக்கும் அது அரைகுறையாகத்தான் பட்டது, ஏனென்றால் தடையை யாரோ மந்திரத்தால் போட்டு வைத்திருக்கிறார்கள். உன் இடத்தில் மந்திரமே தேவையில்லை தம்பி. தோட்டமே தடை.

யோசித்துப் பார். செம்பனையை முக்கோணமாக நடுகிறார்கள், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். ஒரு ஹெக்டருக்கு 143 மரம் பக்கம் வரும். முற்றிய பிளாக்கில் ஒரு மரத்து மட்டை அடுத்த மரத்து மட்டையோடு கோத்துக்கொள்ளும். பட்டப்பகலில் உள்ளே போனாலும் இருட்டுக் கட்டியிருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது நான் பார்த்தது: நிரைக்குள், அதாவது மர வரிசைகளுக்கு நடுவில், நிற்கிற ஆளின் தலைதான் முதலில் தெரியாமல் போகும், சத்தம் மட்டும் வரும். மட்டை விழுகிற சத்தம், அப்புறம் குலை 'தொம்' என்று. பக்கத்தில் வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதன்மேல் காலை வைத்தால் பாம்பு இருக்குமோ என்று பயம்.

இப்போது உன் டிராகனுக்குச் சிறகு விரித்தால் 12 மீட்டர் என்று வை. நிரைக்குள் அவளால் இறங்கவே முடியாது. மேலே பறந்தால் பச்சைக் கூரை மட்டும்தான் தெரியும், கீழே ஊர்ந்து வருகிற இயந்திரம் தெரியாது. மட்டை ஆடுவதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். அவளால் இறங்கி அடிக்க முடிகிற இடம் எவை? செம்மண் சாலை. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம். பள்ளித் திடல். கோயில் முன்னால் உள்ள வெளி. குட்டைகள். சின்னக் கன்றுகள் நட்ட புதுப் பிளாக். ஆக வரைபடமே இரண்டாகப் பிரிந்துவிட்டது, நீ ஒரு பூட்டும் போடவில்லை.

அப்போது சண்டை எப்படி நடக்கும்? மனுஷி மாரி நிரைக்குள் போய் இயந்திரத்தின் கண்ணில் படுகிறாள். அது துரத்துகிறது. அவள் மட்டை அடுக்கைத் தாண்டி, வாய்க்கால் மேல் போட்ட பலகையில் ஓடி, அதைச் சாலைக்கு இழுத்து வருகிறாள். சாலையில் கால் பட்டதும் பட்டன். டிராகன். ஒரே மூச்சு, 60 என்ன, 200 கொடு, எனக்குக் கவலையில்லை. அந்த அடியைச் சம்பாதித்தது மனுஷி. பாராங்கின் வேலை கொல்வது இல்லை தம்பி, சீண்டி இழுத்து வருவது, கணுவை வெட்டி வேகத்தைக் குறைப்பது.

"மேலிருந்து மொத்தத்தையும் எரித்துவிடலாமே" என்பார்கள். எரிக்கட்டும், தடுக்காதே. ஆனால் எரிந்த பிளாக்கில் குலை இல்லை. குலை இல்லையென்றால் வெட்டுகிறவர்களுக்குக் கூலி இல்லை. அடுத்த நாள் மாரி லயத்துக்குப் போனால், மளிகைக்கடையில் மருந்து வாங்கக் கேட்டால், சாமான் குறைந்திருக்கட்டும். உதிரிப் பழம் பொறுக்கும் பாட்டி அவளிடம் பேசாமல் போகட்டும். மின்மினி சொன்ன விலை இதுதான், ஆனால் மூலையில் ஓடும் சதவீதமாக இல்லாமல் ஊரின் முகத்தில் தெரியும்.

உயிர்க்கோட்டுக்கு: தனித்தனியாக வை, ஆனால் கசிய விடு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிப்படி, டுருயிட் என்கிற இயற்கை மந்திரவாதி மிருகமாக மாறி, அந்த மிருக உயிர் தீர்ந்தால் மனுஷ உருவம் திரும்பும், மிஞ்சிய அடி மனுஷ உயிரில் இறங்கும். உன் கணக்கில் டிராகனுக்கு 20 உயிர் மீதி இருக்கும்போது 70 அடி விழுந்தால், மாரி வானத்திலிருந்து மனுஷியாக விழுவாள், 100-ல் 50 போய்விட்டிருக்கும், விழுகிற இடமோ இருட்டு நிரை. அந்தப் பயம் போதும், டிராகனாக இருக்கும்போதும் கவனமாகப் பறப்பார்கள்.

மாறுகிற நொடி பற்றி எனக்கு வலுவான அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஏறுவது மெதுவாக, இறங்குவது வேகமாக இருக்கட்டும். ஏறும்போது ஒரு விநாடி அவளை யாரும் அடிக்கலாம், ஆனால் சிறகு விரிகிற காற்றில் சுற்றி நிற்பவர்கள் தள்ளப்பட வேண்டும். இறங்கும்போது பறந்த வேகம் அப்படியே பாராங்கில் சேர வேண்டும். உயரத்திலிருந்து மாறி விழுந்தால் அந்த முதல் வெட்டு 12 இல்லை, 40. ஒரு தடவை அதை ருசி பார்த்தவன் தானாகவே இறங்கி வருவான்.

எட்டாம்_லயம்:

அக்கா சொன்னதோடு இரண்டே விஷயம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற ஆன்லைன் கேமில் டிராக்தைர் இனம் 2022-ல் வந்தபோது எப்படி இருந்தது என்று பாருங்கள். அவர்களுக்கு மனுஷ முகம் உண்டு, ஆனால் அப்போது சண்டை தொடங்கினால் தானாக டிராகன் உருவத்துக்குப் போய்விட்டார்கள். மனுஷ உருவம் வெறும் அலங்காரமாகத்தான் இருந்தது. நீங்கள் பயப்படுவது நடந்தால் கேம் அங்கேதான் போய் நிற்கும். ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: தூரம். மற்ற மந்திரவாதிகள் 40 கெஜத்திலிருந்து எறிந்தார்கள், இவர்களின் அடி எட்டும் தூரம் அப்போது 25 கெஜம்தான். மூச்சு எட்டும் தூரத்தைக் குறைத்து வைத்தால் டிராகன் மேலேயே மிதந்துகொண்டு எரிக்க முடியாது, கிட்டே வந்தாக வேண்டும்.

இன்னொன்று எல்டன் ரிங். டிராகன் மந்திரம் போட்டால் முழுசாக மாறுவதில்லை, ஒரு கணம் டிராகனின் தலையோ நகமோ மட்டும் ஆளிடமிருந்து கிளம்பி அடித்துவிட்டு மறைந்துவிடும். நிரைக்குள் சிறகு விரிக்க இடமில்லை சரி, ஒரு கைக்கு இடம் இருக்குமே. மாரியின் பாராங் பிடித்த கை மட்டும் நகமாக மாறட்டும்.

நிரைக்காரன்:

அக்கா, நான் தினமும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் மோட்டாரில் வேலைக்குப் போகிறேன். இன்று காலை போகும்போது ஓரமாக நிறுத்தி, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து பார்த்தேன். சிறகின் அகலத்தை 12 என்றே முடிவு செய்துவிட்டேன். எரிந்த பிளாக், பேசாமல் போகும் பாட்டி, இரண்டையும் கட்டாயம் வைக்கிறேன்.

எட்டாம் லயம், ஒற்றைக் கை நகம் அருமை. அதை நிரைக்குள் மட்டும் அனுமதிக்கிறேன், டிராகன் உயிரிலிருந்து 50 கழியும்.

இன்னும் ஒரு சந்தேகம், கடைசி பாஸ், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரி. அது ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல். பேராக் மாநிலத்தில் பத்து காஜா பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் டிடி5 என்று ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள், 1938-ல் கட்டியது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தோம். 75 மீட்டர் நீளம், 4,500 டன். முன்னால் வாளிகள் கோத்த சங்கிலி மண்ணைத் தோண்டி மேலே தூக்கும், உள்ளே மண்ணை அலசி ஈயத்தைப் பிரிக்கும். என் கதையில் அது குட்டையில் மிதக்கிறது. குட்டை திறந்த வெளி, டிராகனுக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கே மட்டும் மறுபடி பழைய கதையாகிவிடுமே? மேலிருந்தே அடித்து முடித்துவிடுவார்களே?

பெரட்டுக்களம்:

75 மீட்டர் என்று நீயே சொல்லிவிட்டாய். 12 மீட்டர் சிறகு அதன் பக்கத்தில் என்ன? அங்கேதான் முதல் தடவையாக டிராகனும் சின்னதாகத் தெரிய வேண்டும். அதுவரை தோட்டமே அவளுக்குக் கீழே சின்னதாக இருந்தது, இப்போது அவளைவிடப் பெரியது ஒன்று. அதற்காக அடியைக் குறைக்காதே, கப்பலின் தோலுக்கு வெளியிலிருந்து எரித்தால் உயிர் குறையாது என்று மட்டும் வை. இரும்பு சிவக்கும், அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்கு வேலை இருக்கிறது: சிவந்த தகடு இளகும், பாராங்கால் நெம்பித் திறக்கலாம். மேலே பறந்து ஓர் இடத்தைச் சுட வைக்க வேண்டும், அது ஆறுவதற்குள் இறங்கி, மனுஷியாக உள்ளே நுழைந்து ஒரு கப்பியை அறுக்க வேண்டும், வாளிச் சங்கிலி அவளை மண்ணோடு சேர்த்து அலசுவதற்குள் வெளியே குதித்து, தண்ணீரைத் தொடும் முன் மறுபடி டிராகன். எத்தனை கப்பி என்பது உன் பாடு. நான் மூன்றோடு நிறுத்துவேன், அதற்குமேல் போனால் அலுக்கும்.

எட்டாம் லயம் சொன்ன, மூச்சு எட்டும் குறைந்த தூரத்தை இங்கே சேர்த்துக்கொள். தகடு சிவக்க வேண்டும் என்றால் சங்கிலியின் வீச்சுக்குள் வந்துதான் ஊத வேண்டும்.

பாஸை இப்போது தொடாதே. முதலில் ஒரே ஒரு முற்றிய பிளாக், அதன் ஓரத்தில் ஒரு சாலை, ஓர் இயந்திரம். அதை மட்டும் முடித்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளையாடிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் கொடு. அவன் எங்கே நின்று மாறுகிறான் என்று ஒன்றும் சொல்லாமல் பார். என்னிடம் கன்ட்ரோலர் இல்லை, விசைப்பலகைதான். மாறும் பட்டனையும் குதிக்கும் பட்டனையும் பக்கம் பக்கமாக வைக்காதே, பலகையில் ஓடும்போது கை தவறும்.